நிறுத்தலியல்: ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் ரேலிக்கு ஒருநாள் சென்று மீள்வோர் குறித்த ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் துணிபும்

மோட்டார் சைக்கிள் என்பது ஒருவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரைந்து கொண்டு சேர்க்கும் பொருட்டு இரு சக்கரங்களின் மேல் எஞ்சின் பொருத்திச் செய்யப்பட்ட ஊர்தி என்பதே அதைத் தயாரிப்போரும் ஓட்டுவோரும் ஓட்டுநர் உரிமம் வழங்குவோரும் இதுவரை ஒருமித்து ஏற்றுவந்த கொள்கையாகும். சாலைக்கு இக்கொள்கை பொருந்துகிறது, ரேலிக்குப் பொருந்தவில்லை. ரேலி எனப்படுவது, ஓட்டிகள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்களில் ஓர் ஊரில் திரண்டு, தத்தம் வண்டிகளைக் காட்டியும் பிறர் வண்டிகளைக் கண்டும் மகிழும் கூட்டமாகும். அதற்குக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஒருவர், தம் பகற்பொழுதின் பெரும்பகுதியை வண்டியை நிறுத்த இடம் தேடுவதிலும், நிறுத்துவதிலும், நிறுத்திய பின் அதனருகே நிற்பதிலுமே கழிக்கிறார் என்பதும், ஆதலின் ரேலியை நிறுத்தத்தின் விழாவாகக் கொள்வதே முறை என்பதும், அவ்விழாவில் எஞ்சினுக்கு இரண்டாம் இடமும் சைடு ஸ்டாண்டுக்கு முதலிடமும் உரியன என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இதனை நிறுவுவதற்கு அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்திலுள்ள ஸ்டர்ஜிஸ் என்னும் சிற்றூர் களமாகக் கொள்ளப்பட்டது. பிளாக் ஹில்ஸ் எனப்படும் மலைத்தொடரின் விளிம்பில் அமைந்த இவ்வூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 7,000. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பத்து நாட்கள் நடைபெறும் ரேலிக்கு வருவோர் தொகையோ லட்சங்களில் எண்ணப்படுவது. 75ஆம் ரேலி நடந்த 2015ஆம் ஆண்டில் அது ஏழு லட்சத்தைத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டது. ஊரார் ஒருவருக்கு விருந்தினர் நூற்றுவர் என்பது இதன் பொருள். விருந்தோம்பலை வலியுறுத்திய அறநூல்கள் இந்த விகிதத்தை எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

வருவோருள் ஊரைச் சூழ்ந்த வயல்வெளிகளில் கூடாரமிட்டுத் தங்குவோர் உளர். அவர்கள் வேறோர் ஆய்வுக்கு உரியவர்கள். ராப்பிட் சிட்டி, ஸ்பியர்ஃபிஷ், டெட்வுட் முதலிய அண்டை ஊர்களில் அறை பிடித்து, பகலில் மட்டும் ஸ்டர்ஜிசுக்கு வந்து, இருட்டும் முன் மீள்வோரே இங்கு ஒருநாள் பயணியர் எனப்படுவர். தங்குவோருக்குப் பொழுது மிகுதி. ஆகையால் அவர்களிடம் ரேலியின் இயல்பு உறக்கத்தோடும் மதுவோடும் கலந்து மங்கிவிடுகிறது. ஒருநாள் பயணியரிடமோ அது செறிந்து நிற்கிறது.

2. வரலாற்றியல்

ஸ்டர்ஜிஸ் ரேலியின் வரலாறு ஓட்டம் தேய்ந்து நிறுத்தம் வளர்ந்த வரலாறாகும். இந்தியன் என்னும் பெயருடைய அமெரிக்க மோட்டார் சைக்கிள்களை அவ்வூரில் விற்றுவந்த கிளாரன்ஸ் ஹோயல் என்பவரும், அவர் சார்ந்த ஜாக்பைன் ஜிப்சீஸ் என்னும் ஓட்டிகள் சங்கத்தாரும் 1938 ஆகஸ்ட் 14 அன்று நடத்திய பந்தயமே இதன் தொடக்கம். அன்று போட்டியிட்டோர் ஒன்பதின்மர். பார்த்தோர் சிறு கூட்டத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டின் காரணமாக இடையறவு நேர்ந்தது. பின்னர்ப் பந்தயத்தோடு மலைச்சுற்றுப் பயணமும், பயணத்தோடு கடைத்தெருவும் சேர்ந்து வளர, பந்தயம் இன்றளவும் நடைபெறினும், அதைப் பார்க்கும் பொருட்டே வருவோர் சிறுபான்மையர் ஆயினர்.

இவ்வளர்ச்சியை மூன்று காலங்களாகப் பகுக்கலாம். சிலர் ஓடப் பலர் நின்று பார்த்தது முதற்காலம். யாவரும் ஓடியது இடைக்காலம். யாவரும் நிற்பது இக்காலம். இம்மூன்றனுள் இறுதியானதே முதிர்ந்தது என்பதற்குச் சான்று, முதற்காலத்தில் ஒன்பதாக இருந்த வண்டிகளின் தொகை இக்காலத்தில் பல்லாயிரமாகப் பெருகியதே. இந்தியன் வண்டி விற்றவர் தொடங்கிய ரேலியில் இன்று எண்ணிக்கையால் மேலோங்கி நிற்பவை அதன் போட்டியாளரான ஹார்லி டேவிட்சன் வண்டிகள் என்பதும், அந்நிறுவனம் 2015இல் அவ்வூராட்சியோடு 75 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது என்பதும் ஈண்டுக் குறிக்கத் தக்கன. முக்கால் நூற்றாண்டுக்கு ஓரிடத்தை உறுதி செய்துகொள்வது ஓடும் பொருளின் இயல்பாகுமா என்பது சிந்தனைக்குரியது.

நிறுத்தத்தின் தலைமையை ஸ்டர்ஜிசுக்கு வெளியிலும் காணலாம். 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில், பந்தயத்தை ஒட்டித் திரண்ட ஓட்டிகளின் கூட்டம் ஊரால் தாங்கவியலாத அளவுக்குப் பெருகிக் குழப்பம் விளைந்தது. அதைப் பற்றி லைஃப் இதழ் வெளியிட்ட ஒரேயொரு புகைப்படம் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளைக் கண்டு ஒரு நாடே அஞ்சுவதற்குக் காரணமாயிற்று என்பர். மார்லன் பிராண்டோ நடித்து 1953இல் வெளிவந்த தி வைல்டு ஒன் திரைப்படத்துக்கும் அந்நிகழ்ச்சியே வித்து. லைஃப் இதழின் அப்புகைப்படத்தில் காணப்படுபவர் பாட்டில்கள் சூழ நின்றுகொண்டிருக்கும் ஒரு வண்டியின் மேல் சாய்ந்து அமர்ந்திருக்கிறார், சக்கரம் சுழலவில்லை. விரைவைக் காட்டி அச்சுறுத்தக் கிடைத்த நல்வாய்ப்பிலும் அவ்விதழ் நிறுத்தத்தையே முன்னிறுத்தியது என்பது இவ்வாய்வுக்கு வலிமை சேர்க்கிறது.

3. பயணியர் வகை

ஒருநாள் பயணியர் நால்வகையினர். தம் சொந்த ஊரிலிருந்து நெடுந்தொலைவும் தம் வண்டியிலேயே ஏறி வருவோர் முதல் வகையினர். தம் வண்டியை டிரெய்லர் எனப்படும் இழுவண்டியில் ஏற்றி, குளிர்சாதனம் பொருத்திய காரின் பின்னே கட்டி இழுத்து வந்து, ஊருக்குச் சிறிது தொலைவில் இறக்கி, எஞ்சிய தொலைவை மட்டும் காற்றில் முகம் காட்டி ஓட்டுவோர் இரண்டாம் வகையினர். பிறர் வண்டியின் பின்னிருக்கையில் வருவோர் மூன்றாம் வகையினர். காரில் வந்து காலால் நடப்போர் நான்காம் வகையினர்.

முதலிரு வகையினரிடையே நெடுநாளாக ஒரு பிணக்கு உண்டு. தாம் ஓட்டியே வந்ததை அறிவிக்கும் வாசகம் பொறித்த பனியன்கள் கடைகளில் கிடைக்கின்றன; அத்தகைய பனியன் ஒன்று இருப்பதே, வண்டி நின்றுவிட்ட பின் ஓட்டி வந்தவரையும் ஏற்றி வந்தவரையும் பிரித்தறிய வேறு வழியில்லை என்பதைக் காட்டும். முன்கண்ணாடியில் மோதி இறந்த பூச்சிகளைத் துடைக்காது சான்றாக விட்டுவைப்போரும் உளர். எனினும் பூச்சிகள் தொலைவை மட்டுமே அளப்பன. தெருவில் அளக்கப்படுவதோ பளபளப்பு. எனவே நெடுந்தொலைவு ஓட்டி வந்தவர் அழுக்காலும், ஏற்றி வந்தவர் ஐயத்தாலும் இழுக்குறுகின்றனர். இரு சாராரும் நின்ற பின்னரே சமமாகின்றனர்.

4. நிறுத்தலியல்

ஊரின் நடுவே செல்லும் மெயின் ஸ்ட்ரீட்டின் முக்கியப் பகுதி ரேலி நாட்களில் மோட்டார் சைக்கிள்களுக்கே ஒதுக்கப்படுகிறது. தெருவின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வரிசையும், தெருவின் நடுவே முதுகோடு முதுகாக இரண்டு வரிசைகளுமாக வண்டிகள் நிறுத்தப்படுகின்றன. இவற்றுக்கிடையே எஞ்சும் இரண்டு ஒடுங்கிய வழிகளில் ஏனைய வண்டிகள் ஊர்ந்து செல்கின்றன. ஊர்ந்து செல்வனவும் செல்லும் விருப்பத்தால் செல்வன அல்ல. வரிசையில் இடம் ஒழியும் என்னும் நம்பிக்கையால் செல்வன. தமிழ்நாட்டுத் தேர்த் திருவிழாவில் ஓர் ஊர்தி நகர, ஊரே அதனோடு வீதி வலம் வரும். ஸ்டர்ஜிசிலோ ஆயிரக்கணக்கான ஊர்திகள் நிலைகொள்ள, மக்கள் அவற்றை வலம் வருகின்றனர்.

இந்நிலையை ஆக்கும் உறுப்பு சைடு ஸ்டாண்டு. வண்டியின் இடப்புறத்தில் மடங்கிக் கிடந்து, காலால் தள்ளியவுடன் நீண்டு, வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்துத் தாங்கும் இரும்புக் கால் இது. தமிழ்நாட்டுச் சாலைகளில் முன்பின் அறியாதவர்கூடக் கை நீட்டிக் கூவி நினைவூட்டும் ஒரே வாகன உறுப்பும் இதுவே. அங்கு அது மறக்கப்படுவதால் பெருமை பெறுகிறது, ஸ்டர்ஜிசில் அது நினைக்கப்படுவதால் பெருமை பெறுகிறது. எல்லா வண்டிகளும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதால் வரிசைக்கு ஓர் ஒழுங்கு கிட்டுகிறது. அவ்வொழுங்கே ஓர் இடராகவும் அமைகிறது. நெருங்கி நிற்கும் வரிசையில் ஒரு வண்டி சரியுமாயின், அது அண்டையதைச் சாய்க்க, அது தன் அண்டையதைச் சாய்க்க, உரிமையாளர் பலரிடையே ஒரே நேரத்தில் அறிமுகம் ஏற்படும்.

இனி இத்துறையின் மையச் சிக்கலுக்கு வரலாம். ஆகஸ்ட் மாதப் பகலில் அவ்வூரில் வெப்பம் 30 பாகை செல்சியஸ் அளவிலும் அதற்கு மேலும் நிற்க, கரிய தார்ச்சாலை அதனினும் மிகுதியாகச் சூடேறி இளகுகிறது. இளகிய தாரில் சைடு ஸ்டாண்டின் நுனி மெல்ல இறங்குகிறது. இறங்க இறங்க வண்டியின் சாய்வு கூடுகிறது. கூடிய சாய்வு மேலும் எடையை அந்நுனியின் மேல் ஏற்றுகிறது. நெடுந்தொலைவுப் பயணத்துக்கென்று செய்யப்பட்ட ஹார்லி வண்டியின் எடை 350 கிலோவுக்கு மேற்படுவதால் இது புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு மரபார்ந்த தீர்வு, ஒரு காலித் தகர டப்பாவைக் காலால் மிதித்துத் தட்டையாக்கி நுனியின் கீழ் இடுவது. வணிகத் தீர்வு, வில்லை எனத்தக்க ஞெகிழி அல்லது உலோகத் தட்டு ஒன்றை வாங்கி இடுவது.

இரண்டன் தகுதியையும் கணித்து அறியலாம். ஸ்டாண்டின் மேல் 60 கிலோ எடை இறங்குவதாகவும், அதன் நுனிப் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் எனவும் கொள்ளப்படின், சதுர சென்டிமீட்டர் ஒன்றின் மேல் 6 கிலோ அழுத்தம் விழும். சக்கரத்தின் காற்றழுத்தம் அதே அலகில் ஏறத்தாழ இரண்டரை. எனவே வண்டியின் எடையில் பெரும்பகுதியைச் சுமக்கும் சக்கரங்களை விட, அதில் ஒரு சிறுபகுதியை மட்டும் சுமக்கும் ஸ்டாண்டே தாரைக் கடுமையாகத் துளைக்கிறது. மிதித்துத் தட்டையாக்கிய டப்பாவின் விட்டம் 6.5 சென்டிமீட்டர் எனின் அதன் பரப்பு ஏறத்தாழ 33 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 1.8 கிலோவாகக் குறைந்து, சக்கரத்தினதைக் காட்டிலும் மென்மையாகிவிடுகிறது. 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள வில்லையோ அதை ஒரு கிலோவுக்கும் கீழே கொண்டுவருகிறது. வில்லை மேம்பட்டதெனினும், அதை எடுக்க மறந்து புறப்படுவோர்க்கு இழப்பு உண்டு. டப்பாவை மறந்தோர்க்கு இழப்பில்லை. மேலும் டப்பாவைக் காலியாக்கும் வினை டப்பாவுக்கே உரியது. பெரும்பான்மையோர் மரபு வழியில் நிற்பதற்கு இதுவே ஏதுவாகலாம்.

5. ஒலியியல்

ஒலி இயக்கத்தின் அடையாளம் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் எஞ்சினின் அமைப்பை நோக்காமையால் எழுவது. ஹார்லியின் மரபான எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் 45 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கின்றன. இரண்டன் இணைப்புத் தண்டுகளும் சுழல்தண்டின் ஒரே முளையில் மாட்டப்பட்டுள்ளன. அதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடைவெளி சமமாக இராது, முதலில் 315 பாகைச் சுழற்சியும் பின்னர் 405 பாகைச் சுழற்சியுமாக மாறிமாறி வருகிறது. நொண்டிச் செல்வது போன்ற அத்தாளமே அவ்வண்டியின் புகழ். திருவொற்றியூரில் உருவாகிச் சென்னைச் செவிகளுக்குப் பழகிய புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டரோ, 720 பாகைக்கு ஒருமுறை என்று ஒரே சீராக அடிக்கும்.

இனி நோக்கத்தக்கது வேகம். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் மெல்லச் சுழலும் நிலை ஐட்லிங் எனப்படும். அந்நிலையில் நிமிடத்துக்கு 900 சுற்று எனக் கொள்ளின், இரட்டைச் சிலிண்டரில் விநாடிக்கு 15 வெடிப்புகள் நிகழும். செவி அவற்றைத் தாளமாக உணரும். 3,000 சுற்றில் அவை 50 ஆகப் பெருகி ஒரே இரைச்சலாய் இழைய, காற்றின் ஓசை அதையும் மூடிவிடும். எனவே அப்புகழ்பெற்ற ஒலி நிற்கும் வண்டிக்கும் ஊரும் வண்டிக்கும் உரியதேயன்றி விரையும் வண்டிக்கு உரியதன்று. ஹார்லி நிறுவனம் இவ்வொலியை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய 1994இல் விண்ணப்பித்து, போட்டி நிறுவனங்களின் எதிர்ப்பால் பல்லாண்டு வழக்காடி, 2000இல் விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டது. அவ்வழக்கும் ஆறாண்டுகள் நின்றவாறே இருந்தது என்க.

இவ்வொலி எட்டும் எல்லையில் நகைக்கு இடமில்லாத ஒன்றும் உண்டு. ஊருக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சமவெளியினின்று தனித்தெழும் பேர் பியூட் மலை, லகோட்டா, செயன் முதலிய பழங்குடியினருக்குத் திருத்தலம். அவர்கள் அங்கு வந்து உண்ணா நோன்பிருந்து வழிபட்டு, மரக்கிளைகளில் வண்ணத் துணிகளை முடிந்து செல்வர். ரேலியை நம்பி அம்மலையின் அருகே மதுக்கூடமும் இசையரங்கும் எழுவதை எதிர்த்து 2006இல் அவர்கள் திரண்டனர். ஓரிடத்தில் அசையாதிருப்பதற்காக வருவோர் இரு திறத்தார் அப்பகுதியில் உளர் என்பதும், அவருள் ஒரு திறத்தார்க்கு அமைதி வேண்டும் என்பதும், மற்றவரின் நிறுத்தம் அதைக் குலைக்கிறது என்பதும் இத்துறையினர் மறக்கலாகாதவை.

6. உடையியல்

ஓட்டியின் தோலாடை இரு பயன்கள் கருதியது: விழுந்தால் தோல் உராயாமல் காத்தலும், விரையும்போது மோதும் குளிர்காற்றைத் தடுத்தலும். நிற்பவருக்கு இரண்டும் இல்லை. எனினும் மெயின் ஸ்ட்ரீட்டின் நண்பகல் வெயிலில் தோல் மேலாடை அணிந்து வியர்ப்போர் பலர். அம்மேலாடையின் முதுகில் சங்கத்தின் பெயரும், மார்பில் சென்றுவந்த ரேலிகளின் ஆண்டு பொறித்த துணிவில்லைகளும் தைக்கப்பட்டிருக்கும். முதுகெழுத்து பின்னால் வருவோர் படிப்பதற்கென்பர். ஆனால் விரையும் முதுகை எவரும் படித்து முடித்ததில்லை, நிற்கும் முதுகே நூலாகிறது.

சட்டமும் இக்கொள்கையை ஒட்டியே அமைந்துள்ளது. தெற்கு டகோட்டாவில் 18 வயதுக்குக் குறைந்தோர்க்கே ஹெல்மெட் கட்டாயம். ஆனால் கண்ணுக்குக் காப்பு பெரியவர்க்கும் வேண்டும். தலையை அவரவர் விருப்பத்துக்கு விட்டுக் கண்ணை மட்டும் காத்த சட்டம், வருவோரை ஓட்டுவோராகக் கருதியதினும் காண்போராகக் கருதியதே மிகுதி என்று உரைத்தல் பொருந்தும்.

7. தடை விடை

ஓட்டிகள் மலைச்சாலைகளில் ஓடுகின்றனரே எனின், ஓடுகின்றனர்; ஆயினும் எங்கு ஓடுகின்றனர் என்பது ஆராயத்தக்கது. நீடில்ஸ் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ எட்டடி அகலமே உள்ள குகைவழி ஒன்று உண்டு. அதன் வாயிலில் எதிர்வரும் வண்டிக்கு வழிவிட்டு யாவரும் நிற்பர். அயர்ன் மவுண்டன் சாலையின் குகைவழிகளோ, மவுண்ட் ரஷ்மோரில் 1927 முதல் 1941 வரை செதுக்கப்பட்ட நான்கு அதிபர்களின் முகங்கள் அவற்றின் வாயிலூடே தெரியுமாறு வகுக்கப்பட்டவை. அதைப் படமெடுக்கவும் யாவரும் நிற்பர். அம்முகங்களும் அசைவன அல்ல. ஆகவே அவ்வோட்டம் ஒரு நிறுத்தத்துக்கும் மற்றொரு நிறுத்தத்துக்கும் இடைப்பட்டதென்று அமைக.

இது வெறும் வணிகமே எனின், வணிகம் உண்டு. மெயின் ஸ்ட்ரீட்டில் இடமுடையோர் அதை வெளியூர் வணிகர்க்கு வாடகைக்கு விடுகின்றனர். வீடுடையோர் வீட்டையும் முற்றத்தையும் விடுகின்றனர். ஆயினும் ஓடுகின்றவரிடம் எவரும் பனியன் விற்றதில்லை. எனவே வணிகத்துக்கும் நிறுத்தமே முதல்.

நிற்பதே நோக்கமாயின் மோட்டார் சைக்கிள் எதற்கு, வெறுங்காலோடு நின்றால் ஆகாதா எனின், இதுவே அரிய தடை. இதற்குரிய விடையும் இவ்வாய்வின் பயனாகும். அமெரிக்கச் சிற்றூர்களின் கடைத்தெருக்கள் ஒரு காலத்தில் மக்கள் கூடி நின்று பேசிய இடங்கள். இடைமாநில நெடுஞ்சாலைகள் ஊர்களை ஒதுக்கிச் சென்ற பின், கடைகள் நெடுஞ்சாலை ஓரத்துக்கு நகர, மக்கள் காரில் சென்று, கார் நிறுத்துமிடத்தில் இறங்கி, கட்டடத்துள் புகுந்து, மீண்டும் காருள் புகும் வாழ்க்கைக்குப் பழகினர். ஸ்டர்ஜிசையும் 90ஆம் எண் இடைமாநில நெடுஞ்சாலை ஓரமாகவே தொட்டுச் செல்கிறது. அத்தகைய நாட்டில் நடுத்தர வயதினர் ஒருவர் காரணமின்றித் தெருவில் மூன்று மணிநேரம் நின்று போவோர் வருவோரைப் பார்ப்பாராயின், அவரை நோக்கி முதலில் வருபவர் காவலராக இருக்கக்கூடும். அவர் அருகே ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து நின்றால் நிலை மாறுகிறது: முன்பின் அறியாதவர் வந்து அது எந்த ஆண்டு வண்டி என்று வினவுகிறார், அவர் விடை கூறுகிறார், மற்றொருவர் வந்து சேர்கிறார். வண்டி அங்கே போக்குவரத்துக் கருவியாக இருப்பதை விட, நிற்பதற்கு வழங்கப்பட்ட அனுமதிச்சீட்டாகவே இருக்கிறது.

8. முடிவும் பரிந்துரையும்

மேற்கூறியவற்றால், ஒருநாள் பயணி பல மணிநேரம் ஓடி வருவது சில மணிநேரம் தடையின்றி நிற்பதற்கே என்பதும், அவர் ஓட்டத்தை விலையாகக் கொடுத்து நிறுத்தத்தை வாங்குகிறார் என்பதும், பத்து நாட்களேனும் ஒரு தெரு தெருவாக இருப்பதற்கு இத்தனை இரும்பும் தோலும் இரைச்சலும் வேண்டியிருக்கிறது என்பதும் பெறப்படும். மோட்டார் சைக்கிள் விளம்பரங்கள் எஞ்சினின் கொள்ளளவையும் திறனையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சைடு ஸ்டாண்டின் நுனிப் பரப்பைப் பற்றி வாய் திறவாதிருப்பது வாங்குவோரின் உண்மைத் தேவையை அறியாமையே. ஆதலின் ரேலிக்குச் செல்லும் நோக்கத்தோடு வண்டி வாங்குவோர்க்கு அப்பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் அறிவிப்பதைத் தயாரிப்பாளர்கள் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது. அதுவரை காலி டப்பா ஒன்று போதும்.